பத்தியமும் பட்டினியும்



வைத்தியசாலையிலிருந்து நோயாளி ஒருவர் வீடு திரும்பிவிட்டார் என்றால், நம்மவர் இல்லங்களில் முதன்முதல் எழும் கேள்வி, "என்ன மருந்து கொடுத்தார்கள்?" என்பதன்று. "என்ன பத்தியம் சொன்னார்கள்?" என்பதே அக்கேள்வி. அவ்வாறு கேட்பதிற் குற்றமில்லை. மருந்தையும் உணவையும் ஒருங்கே வைத்து எண்ணிய மரபு நம்முடையது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை எடுத்து நோக்குவீர்களாயின், அங்குள்ள பத்துக் குறள்களுட் பெரும்பாலானவை மருந்து வகைகளைக் கூறாது, உண்ணும் முறையையே கூறுவதைக் காண்பீர்கள்.

எனினும், பத்தியம் என்ற பெயரால் நாம் விலக்குவன யாவும் உண்மையிலேயே விலக்கத் தக்கவைதாமா? விலக்க வேண்டியவற்றை விலக்காமலும், விலக்கக் கூடாதவற்றை விலக்கியும் நாம் நோயாளிக்குத் தீங்கு செய்துவிடுவதில்லையா? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். எல்லா நோய்களுக்கும் உரிய பத்தியத்தைப் பேசப் பொழுது போதாது. ஆகையால், உடலின் தோற்றத்தைச் சீர்செய்வதற்காகச் செய்யப்படும் சத்திரசிகிச்சைக்குப் பின் உண்ணத் தகாதவை எவை என்பதை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன்.

நான் வைத்தியன் அல்லன். ஒரு பாடசாலை அதிபர். என் வாழ்நாளிற் பெரும்பகுதி பிள்ளைகளுக்கு இலக்கியமும் சரித்திரமும் கற்பிப்பதிலேயே கழிந்தது. அப்படிப்பட்ட ஒருவன் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேச முன்வந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். என் குடும்பத்திலே நான் செய்த ஒரு பிழையே காரணம். அப்பிழையை ஒளிக்காது சொல்வதனால் வேறொரு வீட்டில் அது நிகழாது தடுக்கப்படுமாயின், இப்பேச்சு பயன்பட்டதாகும்.

முதலில் இச்சிகிச்சையைப் பற்றிச் சில வார்த்தைகள். பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை என்றதும் நம்மிற் பலர் வாளியையும் கதிரையையும் நினைத்துக்கொள்கிறார்கள். அச்சொல்லுக்கு மூலமாகிய கிரேக்கச் சொல், குயவன் மண்ணை வனைவதுபோல உருவமைத்தல் என்னும் பொருளையுடையது. இது நேற்று முளைத்த நாகரிகமும் அன்று. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வடமொழி வைத்திய நூலில், அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலைக்கொண்டு மீண்டும் அமைக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. நெற்றித் தோலைக்கொண்டு மூக்கமைக்கும் இந்திய முறையொன்றைப் பற்றி 1794 ஆம் ஆண்டில் இலண்டனிலே ஒரு சஞ்சிகை எழுதிற்று. அதைப் பின்பற்றி 1814 இல் ஜோசப் கார்ப்பியு என்ற ஆங்கில வைத்தியர் அச்சிகிச்சையைச் செய்தார். முதலாம் உலகப் போரில் முகஞ்சிதைந்த போர்வீரர்களுக்கென்று 1917 இல் இங்கிலாந்தின் சிட்கப் என்னும் இடத்தில் ஒரு வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கே ஹரோல்ட் கில்லிஸ் என்பவரும் அவரோடு பணியாற்றியோரும் இக்கலையைப் பெரிதும் வளர்த்தனர். இன்று பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தைக்கும், தீயினால் வெந்த முகத்துக்கும், மூக்கின் வடிவைத் திருத்த விரும்புகிறவருக்கும், வயிற்றுக் கொழுப்பை அகற்ற விரும்புகிறவருக்கும் இக்கலையே உதவுகின்றது. ஆகவே, இது வெறும் அலங்கார ஆசை என்று இகழ்ந்து ஒதுக்குவது முறையன்று.

இனி, என் வீட்டு நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

என் தங்கையின் மகளுக்கு நான்கு வயதாயிருக்கும்போது, மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கொன்று சரிந்து, அவளுடைய கழுத்தின் வலப்புறமும் தாடையும் வெந்துவிட்டன. பிள்ளை உயிர் பிழைத்தாள். ஆனால், ஆறிய புண்ணின் தழும்பு அவள் வளர வளர இறுகி, முகத்தை ஒரு பக்கமாகக் கீழே இழுத்தது. வகுப்பிலே முன்வாங்கில் இருக்கமாட்டாள். புகைப்படம் எடுக்கிறார்கள் என்றால் தலைமயிரை முன்னே இழுத்துவிட்டுக்கொள்வாள். அவளுக்கு 22 வயதானபோது, அத்தழும்பை அகற்றித் தொடையிலிருந்து எடுத்த தோலை அவ்விடத்தில் ஒட்டலாம் என்று வைத்தியர் ஒருவர் கூறினார். வீட்டில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. "நோயில்லாத இடத்திலே, அழகுக்காக ஆரேனும் கத்தி வைப்பார்களா?" என்று உறவினர் கேட்டனர். நான் பிள்ளையின் பக்கமே நின்றேன். ஆனால், ஊராருக்கு உண்மையைச் சொல்லும் துணிவு எனக்கும் இருக்கவில்லை. கழுத்திலே ஒரு கட்டி, அதை அகற்றப் போகிறாள் என்று பொய் சொன்னோம்.

அந்தப் பொய்யே எங்கள் துன்பங்களுக்கு வாசலாயிற்று.

சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர், "வேறு ஏதாவது மருந்து உட்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றாள் பிள்ளை. அவளுக்குத் தெரிந்தவரையில் அது பொய்யன்று. சிகிச்சைக்கு முதல்நாள் மாலை, விடுதித் தாதி அதையே வேறுவிதமாகக் கேட்டார்: "பிள்ளை, சத்துக் குளிசை, எண்ணெய்க் குளிசை, நாட்டு மருந்து, ஏதாவது எடுக்கிறீரோ?" அப்பொழுதுதான் அவள் தன் பையிலிருந்து மூன்று சிறு போத்தல்களை வெளியே எடுத்தாள். மீனெண்ணெய் ஒன்று, விற்றமின் ஈ ஒன்று, உள்ளியெண்ணெய் ஒன்று. தோல் பளபளக்கும் என்று வெளிநாட்டிலுள்ள தோழியொருத்தி அனுப்பியவை அவை. சத்திரசிகிச்சை இரண்டு கிழமைகளுக்குப் பின்போடப்பட்டது. நான் கோபங்கொண்டேன். "மீனும் உள்ளியும் நாங்கள் நாளாந்தம் தின்பவை அல்லவா? அவை நஞ்சா?" என்று வைத்தியரிடம் வாதாடினேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். கறியிலே இடும் நாலு பல் உள்ளியால் ஒரு தீங்குமில்லை. ஆனால், செறிவாக்கிக் குளிசையில் அடைத்த உள்ளியும், மீனெண்ணெயும், விற்றமின் ஈயும் குருதி உறைவதைத் தாமதப்படுத்தக் கூடும். இஞ்சி, மஞ்சள், கிங்கோ, ஜின்செங் ஆகியவற்றின் செறிவாக்கிய குளிசைகளும் அத்தகையன. ஒட்டிய தோலின் கீழே குருதி கசிந்து தேங்குமாயின், அத்தோல் தன் படுக்கையைவிட்டு மேலே தூக்கப்படும். ஊட்டம் பெற வழியின்றி இறந்துபோகும். ஆதலால், இத்தகையவற்றைச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இரண்டு கிழமைகளுக்கு முன்னரே நிறுத்தி, வைத்தியர் சொல்லும்வரை மீண்டும் தொடாதிருக்க வேண்டும். இது முதலாவது பாடம்.

சிகிச்சை நன்றாகவே நடந்தது. எட்டாம் நாள் வீடு வந்தோம். கட்டை எவ்வாறு பேணவேண்டும், எந்நாளில் மீண்டும் வரவேண்டும் என்றெல்லாம் கேட்டுக்கொண்ட நாங்கள், என்ன உண்ணவேண்டும் என்று கேட்கவில்லை. அது நமக்குத் தெரியாததா என்ற எண்ணமே காரணம். எங்கள் பெரியம்மா சொல்லச் சொல்ல, விலக்க வேண்டியவற்றை நானே அழகான எழுத்தில் எழுதி, குசினிக் கதவருகே ஒட்டிவைத்தேன். இறால், நண்டு, கணவாய், சூரை, முட்டை, கோழி, பால், தயிர், பருப்பு, பயறு, உழுந்து, கத்தரிக்காய், தக்காளி, பூசணி, அன்னாசி, மாம்பழம், தோடம்பழம் என்று அந்தப் பட்டியல் 23 பொருள்கள்வரை நீண்டது. சில, கிரந்தி என்று விலக்கப்பட்டன. சில, குளிர்ச்சி என்று விலக்கப்பட்டன. சில, சீழ் வைக்கும் என்றும், சில, தழும்பைக் கறுப்பிக்கும் என்றும் விலக்கப்பட்டன. எஞ்சியவை கஞ்சியும், குழையச் சமைத்த சோறும், மிளகுத் தண்ணீருமே. வாய்க்கு ருசியில்லை என்று பிள்ளை சொன்னபோது, பொரித்த அப்பளமும் மோர்மிளகாயும் கொடுத்தோம். அவை எங்கள் பட்டியலில் இல்லையல்லவா?

பெரியம்மாவை நான் குறை கூறவில்லை. அக்கஞ்சியை ஒவ்வொரு வேளையும் தம் கையாலேயே காய்ச்சி, பிள்ளையின் அருகிலிருந்து ஊட்டியவர் அவர். படித்தவன் என்று பெயரெடுத்த நான், ஏன் என்று ஒரு வார்த்தை கேளாமல் எழுதிக் கையெழுத்திட்டதுபோல ஒட்டிவைத்தேனே, அதுதான் குற்றம்.

மூன்றாவது கிழமை வைத்தியசாலைக்குச் சென்றோம். ஒட்டிய தோலின் ஓரத்தில் ஒரு பகுதி மூடாமல் இருந்தது. தோல் எடுத்த தொடையின் புண்ணும் ஈரம் உலரவில்லை. முகத்தில் வீக்கம் வற்றவில்லை. நிறையோ நான்கு கிலோ குறைந்திருந்தது. "பிள்ளை, வீட்டிலே என்ன சாப்பிடுகிறீர்?" என்று தாதி கேட்டார். பிள்ளை சொன்னாள். தாதி என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, இந்தப் பிள்ளை பத்தியம் இருக்கவில்லை, பட்டினி இருக்கிறாள்" என்றார்.

அந்தப் பட்டியலைக் கொண்டுவரும்படி வைத்தியர் பணித்தார். மறுமுறை கொண்டுசென்று கொடுத்தேன். பிள்ளைகளின் கட்டுரையை நான் திருத்துவதுபோல அவர் பேனாவை எடுத்து, ஒவ்வொரு பெயரின் மேலும் கோடு கிழித்தார். 23 இல் 22 வெட்டுண்டன. எஞ்சியது இறால் ஒன்றே. அதுவும், இறால் உண்டால் அவளுக்குத் தோல் தடித்துச் சொறியும் என்று அவள் சொன்னமையால் விடப்பட்டதேயன்றி, புண்ணுக்கு ஆகாதென்று விடப்பட்டதன்று. பின்பு அதே தாளின் அடியில், உண்மையாக விலக்க வேண்டியவற்றைத் தம் கையால் எழுதித் தந்தார். புண் ஆறாமைக்கு உணவு ஒன்றே காரணம் என்று அவர் கூறவில்லை. ஆனால், உணவின்றி எப்புண்ணும் செவ்வையாக ஆறாது என்பதை எனக்கு விளங்கவைத்தார்.

நேயர்களே, புண் ஆறுவது ஒரு கட்டட வேலையை ஒத்தது. முதற் சில நாள்களில் குருதி உறைந்து, சிதைந்தவை அகற்றப்படுகின்றன. அதன்பின் சில கிழமைகள் புதிய இழையம் கட்டப்படுகின்றது. அதற்குப் பின்னரும் ஓராண்டு வரையில் அவ்விழையம் இறுகித் திருந்திக்கொண்டே இருக்கின்றது. அவ்வளவு காலஞ்சென்றும், தழும்பு பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கையே அடைகின்றது. இக்கட்டடத்துக்குக் கல்லாயிருப்பது கொலாஜன் என்னும் ஒருவகைப் புரதம். புரதமோ மீனிலும், முட்டையிலும், பாலிலும், பருப்பிலும், பயற்றிலும் இருந்தே வரவேண்டும். அக்கல்லைச் செவ்வையாகப் பிணைக்க விற்றமின் சீ வேண்டும். அது பழத்திலும் மரக்கறியிலும் இருந்தே வரவேண்டும். எங்கள் வீட்டுப் பட்டியலோ, கல்லையும் சாந்தையும் ஒருங்கே தடைசெய்துவிட்டு, வீடு ஏன் எழவில்லை என்று வியந்துகொண்டிருந்தது.

இதற்குச் சரித்திரத்திலிருந்து இரண்டு சான்றுகளைச் சொல்கிறேன். 1740 ஆம் ஆண்டில் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதி கப்பற்படையோடு உலகைச் சுற்றப் புறப்பட்டார். பழமும் மரக்கறியும் கிடையாத நீண்ட கடற்பயணத்தில் மாலுமிகளை ஸ்கர்வி என்னும் நோய் பற்றியது. 1690 இல் நிகழ்ந்த ஒரு போரிற் காயமுற்று, ஐம்பது ஆண்டுகளாக ஆறியிருந்த முதியவர் ஒருவரின் பழம்புண்கள், அப்பயணத்திலே மீண்டும் திறந்துகொண்டன என்று அப்பயண வரலாறு கூறுகின்றது. இரண்டாவது சான்று நமது காலத்துக்கு அண்மையது. அமெரிக்காவில் பொஸ்ரன் நகரத்து இளம் சத்திரவைத்தியராகிய ஜோன் கிராண்டன் என்பவர், 1939 ஆம் ஆண்டளவில், பழமும் மரக்கறியும் நீக்கிய உணவை ஆறு மாதங்கள் உண்டு, தம் உடலிலேயே சோதனை நடத்தினார். மூன்றாம் மாதத்தில் தம் முதுகில் உண்டாக்குவித்த காயம் வழக்கம்போல ஆறியது. ஆறாம் மாதத்தில் உண்டாக்குவித்த காயமோ ஆறவில்லை. விற்றமின் சீ கொடுத்த பின்னரே அது ஆறத் தொடங்கிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அறிந்தபின், தோடம்பழத்தையும் தக்காளியையும் அன்னாசியையும் விலக்கி நான் எழுதிய தாளை நினைத்து வெட்கமுற்றேன்.

புண்ணிலே சீழ் கட்டுவது கிருமிகளால் நிகழ்வது. முட்டையாலும் கத்தரிக்காயாலும் நிகழ்வதன்று. குளிரூட்டும் பெட்டி இல்லாத காலத்தில், விரைவிற் பழுதடையும் இறாலையும் நண்டையும் நோயாளிக்கு விலக்கியமை விவேகமாக இருந்திருக்கக் கூடும். ஆயினும், நம் முன்னோர் எல்லாவற்றையும் விலக்கியவர்கள் அல்லர். மகப்பேற்றுக்குப் பின் தாய்மாருக்கு வைக்கும் பத்தியக்கறியை எண்ணிப் பாருங்கள். அதிலே மீன் இருக்கின்றது; முருங்கை இருக்கின்றது; உள்ளியும் மிளகும் இருக்கின்றன. நல்ல உணவு கொடுத்து உடலைத் தேற்றுவதே அந்தப் பத்தியத்தின் நோக்கம். அந்த நோக்கத்தை மறந்து, விலக்குவதை மாத்திரம் நாம் நினைவில் வைத்துக்கொண்டோம்.

அவ்வாறாயின், இச்சிகிச்சைக்குப் பின் விலக்க வேண்டியவை எவை? வைத்தியர் எழுதித் தந்தவற்றையும், பின்னர் நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதல்நாளில் விலக்க வேண்டியது நிறைந்த உணவு. மயக்க மருந்தின் விளைவால் குமட்டல் இருக்கும். வாந்தி எடுத்தால் தையல்கள் இழுபடும். ஆகவே, முதலில் நீரும் தெளிந்த இரசமும் சிறிது சிறிதாக. பின்பு கஞ்சி, இடியப்பம், பாண். அதன்பின் வழக்கமான உணவு. கஞ்சிக்கு உரிய இடம் இதுவே. அது தொடக்கத்துக்கு உரியது; மூன்று கிழமைக்கு உரியதன்று.

இரண்டாவது, உப்பு மிகுந்தவை. உப்பு உடலிலே நீரைத் தேக்கி வீக்கத்தை நீடிக்கச் செய்யும். உலகச் சுகாதார நிறுவனம், உடல்நலமுள்ளவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பைத்தான் விதிக்கின்றது. கருவாடு, மாசிக்கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், தகரத்தில் அடைத்த மீன், உடனடி நூடில்ஸ், பைகளில் விற்கும் பொரியல்கள் ஆகியவற்றைச் சில கிழமைகளுக்கு ஒதுக்கிவையுங்கள். பிள்ளைக்கு ருசிக்காக நாங்கள் கொடுத்தவை இவைதாம் என்பதை நினைவுகூர்வீர்கள்.

மூன்றாவது, கடினமானவையும் உறைப்பானவையும். மூக்கு, உதடு, தாடை ஆகிய இடங்களிற் சிகிச்சை பெற்றவர்கள், வைத்தியர் அனுமதிக்கும்வரை முறுக்கு, கச்சான், புழுக்கொடியல் முதலிய வலிந்து மெல்ல வேண்டியவற்றைத் தவிர்க்க வேண்டும். மிகுந்த உறைப்பு, மூக்கில் நீர் வடியவும் தும்மவும் செய்யும்; வாய்க்குள் தையல் இருந்தால் எரிவையும் உண்டாக்கும். கொதிக்கக் கொதிக்கத் தேநீரும் கோப்பியும் அருந்துவதும் ஆகாது. மரத்துப்போன உதடு சூட்டை உணராமையால் வெந்துவிடக் கூடும்.

நான்காவது, மதுவகைகள். மது குருதிக் குழாய்களை விரியச் செய்து வீக்கத்தையும் கசிவையும் கூட்டும். உடலின் நீரையும் குறைக்கும். நோவுக்கும் உறக்கத்துக்கும் கொடுக்கும் மருந்துகளோடு சேர்ந்து ஆபத்தை விளைவிக்கும். மருந்து முடியும்வரையும், வைத்தியர் இசையும்வரையும் ஒரு துளியும் வேண்டாம்.

ஐந்தாவது, புகையிலை. இதை உணவென்று சொல்லலாமோ என்று கேட்பீர்கள். வெற்றிலையோடு மென்று விழுங்கும் நம் நாட்டில் அப்படியும் சொல்லத்தான் வேண்டும். புகையிலையிலுள்ள நிக்கொட்டீன் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருங்கச் செய்கின்றது. இடம்மாற்றி அமைத்த தோலுக்குக் குருதி செல்லும் வழி முன்பே ஒடுங்கியது; அதையும் அடைத்துவிட்டால் தோல் கறுத்து இறந்துபோகும். ஆதலால், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு கிழமைகளாயினும் புகைத்தலையும் புகையிலை போடுதலையும் நிறுத்துமாறு வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள். முகத்திலே சிகிச்சை பெற்றவருக்குப் பாக்கை மெல்லுவதும் ஆகாது.

ஆறாவது, கேளாமல் விழுங்கும் குளிசைகள். சத்துக் குளிசைகளைப் பற்றி முன்னரே கூறினேன். நோவு பொறுக்கவில்லையென்று கடையில் அஸ்பிரின், ஐபுப்புரோபன் போன்றவற்றை வாங்கி விழுங்குவதும் கசிவை உண்டாக்கக் கூடும். ஆனால், இருதய நோய்க்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. தொடங்குவதும் நிறுத்துவதும் வைத்தியரைக் கேட்டே ஆகவேண்டும்.

ஏழாவது, மலச்சிக்கலை உண்டாக்கும் உணவு. கடுமையான நோவுக்குக் கொடுக்கும் கொடீன், ட்ரமடோல் போன்ற மருந்துகள் குடலை மந்தப்படுத்தும். அதன்மேல் வெண்பாணும், பிசுக்கோத்தும், மாப்பண்டங்களும் மாத்திரமே உண்டால் முக்கவேண்டி வரும். வயிற்றுத் தோலைச் சீர்செய்தவருக்கு அது மிகுந்த துன்பம். பப்பாசிப்பழம், வாழைப்பழம், கீரை, தவிட்டுச் சத்து நீங்காத அரிசி ஆகியவற்றோடு நீரும் போதியளவு வேண்டும். வயிற்றிற் சிகிச்சை பெற்றவர், வாயுவை மிகுவிக்கும் சோடாப் பானங்களையும் கோவாவையும் முதற் சில நாள்களுக்குத் தவிர்ப்பது நலம்.

எட்டாவது, சீனி. நீரிழிவு உடையவர்களுக்குக் குருதியில் வெல்லத்தின் அளவு கூடினால் புண் ஆறுவது தாமதிக்கும். கிருமித் தொற்றும் எளிதாகும். நோயாளியைப் பார்க்க வருவோர் இனிப்புப் பெட்டியோடு வரும் வழக்கத்தை நாம் கைவிடலாம்.

ஒன்பதாவதாக விலக்க வேண்டியது, உண்ணாமையையே. கொழுப்பகற்றும் சிகிச்சை பெற்றவர் சிலர், இன்னும் மெலியவேண்டும் என்று அந்நாள்களிலேயே உணவைக் குறைக்கத் தொடங்குகிறார்கள். சிலர் கந்தசஷ்டி, கேதாரகௌரி முதலிய விரதங்களைக் கைவிட மனமின்றி உபவாசம் இருக்கிறார்கள். உடல் தேறியபின் அடுத்த ஆண்டிலே விரதத்தை அனுட்டிக்கலாம். புண் ஆறும் காலத்தில், உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரையிலான புரதம் வேண்டும் என்பது பொதுவான மதிப்பீடு. 50 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு அது 60 முதல் 75 கிராம் ஆகும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. சமைக்காத பயறு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் உண்டு. ஒரு கோப்பை வெறுங்கஞ்சியிலோ, இரண்டு மூன்று கிராமுக்கு மேல் இராது. மரக்கறி உணவினர், பருப்பு, பயறு, கடலை, பால், தயிர் ஆகியவற்றால் இத்தேவையை நிறைவு செய்யலாம். விற்றமின் சீக்கு விலையுயர்ந்த பழத்தைத் தேடவேண்டியதில்லை. வேலியோரத்துக் கொய்யாப்பழம் ஒன்றே ஒருநாட் தேவைக்கு மேலாகக் கொடுக்கும்.

இவை பொதுவிதிகள். சிறுநீரக நோயுள்ளவருக்குப் புரதத்தையும், இளநீர் போன்றவற்றையும் அளந்தே கொடுக்கவேண்டும். ஒவ்வாமை உள்ளவர் தமக்கு ஒவ்வாததை விலக்கவே வேண்டும். ஆகையால், நான் கூறியதைக் கொண்டு இன்னொரு பட்டியல் எழுதிக் கதவிலே ஒட்டிவிடாதீர்கள். உங்கள் வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் எதை, எத்தனை நாள்களுக்கு விலக்கவேண்டும்? எதைத் தவறாமல் உண்ணவேண்டும்? நான் இப்பொழுது எடுக்கும் குளிசைகளுள்ளும் நாட்டு மருந்துகளுள்ளும் எவற்றை நிறுத்தவேண்டும்? விடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விளங்காவிடின், தமிழிலே விளக்கும்படி கேளுங்கள். அதில் வெட்கம் வேண்டாம். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். தமிழிலே வைத்திய நூல்களையும் ஆக்கினார். அவற்றுள் ஒன்றின் பெயர் இரண வைத்தியம். அன்றே தமிழில் விளக்க முடிந்ததை இன்று விளக்க முடியாதா?

இறுதியாக ஒரு வார்த்தை. நாங்கள் ஊராருக்குச் சொன்ன பொய்யைப் பற்றிக் கூறினேன் அல்லவா? எங்கள் அயலிலே ஓய்வுபெற்ற மருத்துவத் தாதி ஒருவர் வாழ்ந்தார். நாளாந்தம் எங்கள் படலையைக் கடந்தே கோவிலுக்குச் செல்வார். அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், முதற் கிழமையிலேயே அந்தப் பட்டியலை அவர் கிழித்தெறிந்திருப்பார். தோற்றத்தைத் திருத்தும் சிகிச்சையை ஒரு குற்றம்போல மறைப்பவர்கள், அதனோடு தங்கள் ஐயங்களையும் மறைத்துவிடுகிறார்கள். அறிந்தவர் அருகிலிருந்தும் கேட்க வாய் எழுவதில்லை. கேளாதபடியால், செவிவழி வந்ததையே விதியென்று கொள்கிறார்கள்.

பட்டியல் திருத்தப்பட்டபின், பெரியம்மா அதே அன்போடு காலையில் முட்டையும், மதியம் மீனும் பருப்பும், மாலையில் கொய்யாப்பழமும் கொடுத்தார். கோடு கிழித்த ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டு, "இதுவும் ஆகுமாமோ?" என்று என்னிடம் பலமுறை கேட்டார். "ஆகுமாம்" என்று நானும் பலமுறை சொன்னேன். ஏழாவது கிழமையிற் புண் மூடியது. ஓரத்திலே, தாமதமாக ஆறிய அந்தச் சிறு பகுதி மாத்திரம் இன்றும் தடித்துத் தெரிகின்றது. பிள்ளை அதைப் பொருட்படுத்துவதில்லை. தலையை நிமிர்த்தி இருபுறமும் திருப்ப அவளால் இப்பொழுது முடிகின்றது. ஆனால், அவளைக் காணும்போதெல்லாம் என் கண் அந்தத் தடித்த இடத்திலேயே சென்று நிற்கின்றது. அது விளக்கு இட்ட தழும்பன்று, கத்தி இட்ட தழும்புமன்று. நான் எழுதிய தாள் இட்ட தழும்பு என்றே எனக்குத் தோன்றுகின்றது.

பத்தியம் நல்லது. அது ஏன் என்று அறிந்து காக்கும்போது நல்லது. உங்கள் இல்லங்களிலே நோயுற்றோர் யாராயினும் இருப்பின், அவர்கள் விரைவில் நலம்பெற வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.